டேப்பக்கா அளந்த மரங்கள்

முப்பது வருடம் மிதித்தும் ஓரடிகூட முன்னே போகாத வண்டி ஒன்று அவளிடம் இருந்தது. அது தையல் மிஷின். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில், துடைப்பமும் பழைய வாளியும் கிடக்க வேண்டிய முக்கோண இடத்தில் அவள் கடை போட்டிருந்தாள். உள்ளே நுழைகிறவர்கள் நிமிர்ந்தால் மேல்படி நெற்றியில் இடிக்கும். அவள் குள்ளம் என்பதால் அவளுக்கு இடித்ததில்லை. பள்ளிச் சீருடை, கால்சட்டைக்குக் கீழ்மடிப்பு, ஒருவர் இளைத்தாலோ பெருத்தாலோ வரும் பழைய சட்டைகள். இவைதான் அவள் பிழைப்பு. கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் டேப்பக்கா என்று பெயர் வந்தது. வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் அவளை வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். இப்போது அவருக்கே அது மறந்துவிட்டது.

ஐம்பதைத் தாண்டியபோது மிஷினுக்கு மோட்டார் வைத்தார்கள். கால் மிதிக்க வேண்டியதில்லை, விரலால் தொட்டாலே ஊசி ஓடும். அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் இனி உனக்குச் சுகம்தான் என்றார்கள். ஆனால் முப்பது வருடம் வேலை செய்த கால்கள் சும்மா இருக்கச் சம்மதிக்கவில்லை. இரவில் படுத்தால் முழங்கால் குடைந்தது. உட்கார்ந்தால் பாதம் தானாகத் தரையைத் தட்டியது. அந்தச் சமயத்தில் மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனாள். போகும்போது தன் சைக்கிளை வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனாள். விற்றுவிடலாம் என்று கணவர் சொன்னார். அவர் அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே போய்க் கீழே வருவதைத் தவிர வேறெந்தத் திசையிலும் அவருக்கு ஆர்வம் இல்லை. அவள் விற்கவில்லை.

சைக்கிள் பழக இடம் வேண்டும். தெருவில் பழகினால் வாடிக்கையாளர்கள் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக் கூடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே பெரிய மண்தரை ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் அங்கே ஈரமான படுக்கை விரிப்புகளைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். அந்தத் தரையின் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அவள் முதல் மூன்று வாரமும் அந்த மரத்தைச் சுற்றித்தான் ஓட்டினாள். வண்டி சாயும்போதெல்லாம் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாள் என்பதைவிடக் கட்டிக்கொண்டாள் என்பதே சரி. அப்படி ஒருமுறை கட்டிக்கொண்டு மூச்சு வாங்கி நின்றபோது, தன் இரண்டு கைகளும் மரத்தின் ஒரு பக்கத்தைக்கூட வளைக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். எந்த உடம்பைப் பார்த்தாலும் அவள் மனதில் எழும் கேள்விதான் அப்போதும் எழுந்தது. இது என்ன அளவு?

கழுத்து டேப்பைக் கழற்றி மரத்தில் வைத்தாள். அறுபது அங்குல டேப். யானைக்கு வளையல் போடப் போனது போல இருந்தது. நேராகக் கடைக்குப் போய் அங்கே கிடந்த பழைய டேப்புகள் ஆறைத் தேடி எடுத்தாள். முனையிலிருந்த தகரங்களைப் பிய்த்துவிட்டு, ஆறையும் ஒன்றோடொன்று வைத்துத் தைத்தாள். முப்பதடி நீளத்தில் ஒரு டேப் கிடைத்தது. அந்த ஊரில் அப்படியொரு டேப் வேறு யாரிடமும் இல்லை.

அந்த டேப்பால்தான் அவள் பெயர் படிக்கட்டுக்கு வெளியே போனது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார். போய்ச் சேர ஒரு இடம் வேண்டுமே என்பதற்காக ஒவ்வொரு வாரமும் ஒரு பழைய மரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அஞ்சலகத்துக்கு எதிரே இருக்கும் வேம்பு, சிறைச்சாலை மதிலைத் தள்ளிக்கொண்டு வளர்ந்த புளி, கல்லறைத் தோட்டத்து இலவ மரம். எது பழையது என்று கேட்டால் முடிவே வராது. மரத்தின் வயதைப் பற்றிச் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதை எதிர்த்த தெருக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். என் தாத்தா சின்னப் பையனாக இருந்தபோதே இவ்வளவு பெரியது என்பார்கள். சின்னப் பையனுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் என்பது யாருக்கும் தோன்றாது. வயது சாட்சியைக் கேட்கிறது. சுற்றளவு டேப்பை மட்டும் கேட்கிறது. டேப்பக்கா குழுவில் சேர்ந்த பிறகு சண்டை அடங்கியது.

அவள் ஒரு முறை வைத்திருந்தாள். மரத்தில் தன் சைக்கிளைச் சாய்ப்பாள். கைப்பிடி மரத்தைத் தொடும் உயரத்தில்தான் டேப் சுற்ற வேண்டும். நெஞ்சு உயரம் என்று யாரோ சொன்னபோது, "யாரு நெஞ்சு?" என்று கேட்டாள். முப்பது வருடமாக நெஞ்சளவு எடுக்கிறவள், இரண்டு பேர் நெஞ்சை ஒரே உயரத்தில் பார்த்ததில்லை. டேப் பட்டையை இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. சுற்றி முடித்ததும் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு எண்ணைச் சொல்வாள். அந்த எண்ணைச் சைக்கிள் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். யாரும் இரண்டாவது முறை அளக்கச் சொன்னதில்லை. "டேப்பக்கா சொல்லிட்டாங்க" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள், ஐம்பது சைக்கிள்கள் ஓசையின்றி நிற்க நடுவில் நின்று ஓர் எண்ணைச் சொல்வது சின்ன விஷயமல்ல. அவள் அதை ரசித்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. சொல்வதற்கு முன் ஒரு மூச்சு கூடுதலாகவே எடுத்துக்கொள்வாள்.

அந்தப் பேச்சுக்கு அடங்காதவர் ஒருவர்தான் இருந்தார். அவள் கொழுந்தன். குழாய் வேலை செய்கிறவர். ஆள் நெட்டை, அவர் அண்ணிக்குப் பக்கத்தில் நின்றால் மிஷினும் ஊசியும் போல இருப்பார்கள். மரங்களோடு அவருக்கு இருந்த உறவே வேறு. வேர்கள் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றாலும், எந்த மரத்தின் வேலை என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீங்கள் மரத்தின் முகத்தைப் பார்க்கிறீர்கள், நான் அதன் காலைப் பார்க்கிறேன் என்பார். எதிரியின் பலம் எதிரிக்குத்தான் தெரியும் என்கிற விதத்தில் அவருக்கு மரங்கள் மேல் மரியாதை உண்டு.

தண்ணீர் ஏற்றும் நிலையத்துக்குள் அவருக்கு அடிக்கடி வேலை இருக்கும். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். அங்கே பழைய தொட்டிக்குப் பின்னால் ஒரு மருதமரம் இருக்கிறது, ஊரிலேயே அதுதான் பெரியது என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. ஒருநாள் அவரே கயிறு போட்டு அளந்து, கயிற்றைத் தரையில் போட்டு இரும்பு டேப்பால் அளந்து, எண்ணைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய இருபத்தேழு அடி. சைக்கிள் கடைச் சுவரில் மருத்துவமனை மரத்துக்கு எழுதியிருந்ததைவிட ஓர் அங்குலம் குறைவு.

"ஒரு இன்ச்சுல தப்பிச்சிட்டீங்க அண்ணி."

"இன்ச்சுன்னா சும்மாவா? உன் அண்ணன் பேண்ட்டுல ஒரு இன்ச் குறைச்சா தெருவுல இறங்க முடியாது."

அப்படியாக மருத்துவமனை மரம் ஊரின் மிகப் பெரிய மரம் என்று முடிவானது. சைக்கிள் கடைக்காரர் ஒரு பலகைக்கு நீல வண்ணம் அடித்து, ஊரின் மிகப் பெரிய மரம் என்று வெள்ளையில் எழுதச் சொன்னார். அடுத்த ஞாயிறு மற்ற தெருக்களிலிருந்தும் சைக்கிள்கள் வரும், மருத்துவமனைக்காரர்களும் வருவார்கள், பலகையை மரத்தில் கட்டுவார்கள், அளந்தவள் இரண்டு வார்த்தை பேச வேண்டும். என்ன உடுத்திப் போவது என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். இரண்டு வார்த்தை என்றால் எந்த இரண்டு என்று கணவர் கேட்டார்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூட மேடைத் திரை வந்தது. சுருக்கமில்லாத ஒற்றைத் துணி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவதற்கு. தச்சர் சட்டத்தை அடித்து முடித்துவிட்டு, அகலம் இருபத்தெட்டு அடி என்று சொல்லி அனுப்பியிருந்தார். கடையில் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? கட்டடத்தின் நடைக்கூடத்தில் துணியை விரித்தாள். சின்ன டேப்பை ஆறு முறை தூக்கி வைக்கச் சோம்பல்பட்டு மரம் அளக்கும் டேப்பையே போட்டு அளந்து வெட்டினாள். மடிப்புக்கு வேண்டியதைத் தனியாக விட்டாள். தைத்து அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் தச்சர் திரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, படியில் தலையை இடித்துக்கொண்டார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"ரெண்டரை இன்ச் எட்டலம்மா."

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "சட்டத்தைப் பெருசா அடிச்சிருப்பீங்க."

தச்சர் இரும்பு டேப்பை எடுத்து நடைக்கூடத்தில் துணியை அளந்து காட்டினார். துணி சுருங்கியிருக்கும் என்றாள். இன்னும் துவைக்கவே இல்லையே என்றார். அப்படியானால் உங்கள் டேப்பின் கொக்கி தேய்ந்திருக்கும் என்றாள். தச்சர் தன் டேப்பை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். தன் அப்பாவை யாரோ திட்டியது போல அவர் முகம் ஆகிவிட்டது. என் டேப் தப்பாது என்று அவள் கடைசியாகச் சொன்னாள். அவர் திரையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. கோபத்துக்குக் கீழே வேறு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. கடைசியில் வெட்டும் மேசையின் ஓரத்தில் பதித்திருந்த பித்தளை அளவுகோலில் மரம் அளக்கும் டேப்பை வைத்துப் பார்த்தாள். முதல் டேப் சரியாக இருந்தது. முதல் தையலைத் தாண்டியதும் அரை அங்குலம் முந்திக்கொண்டது. இரண்டாவது தையலைத் தாண்டியதும் இன்னொரு அரை அங்குலம்.

ஊசியை எடுத்து ஒரு தையலைப் பிரித்தாள். உள்ளே என்ன இருக்கும் என்று பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஒரு டேப்பின் முனைக்கு அடியில் இன்னொன்றின் முனை, அரை அங்குலம் ஒளிந்திருந்தது. தையலுக்கு விட்டது. எந்தத் துணியையும் எந்தத் துணியோடு சேர்த்தாலும் விளிம்பில் அரை அங்குலம் விட வேண்டும்; இல்லாவிட்டால் இழை பிரிந்துவிடும். பதினைந்து வயதில் கற்ற முதல் பாடம் அது. அன்று அவள் அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாக விட்டது. கெட்ட பழக்கம் செய்யும் தவறை நாம் சந்தேகப்படுவோம். நல்ல பழக்கம் செய்யும் தவறை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆறு டேப்புக்கு ஐந்து தையல். சின்ன மரங்களில் இரண்டு மூன்று தையல்தான் சுற்றியிருக்கும். பெரிய மரத்தில் ஐந்தும். மருத்துவமனை மரம் அவள் சொன்னதைவிட இரண்டரை அங்குலம் சின்னது. ஓர் அங்குலத்தில் தோற்ற மருதமரம் உண்மையில் ஒன்றரை அங்குலத்தில் ஜெயித்திருந்தது. சுவரில் எழுதியிருந்த பெரிய மரங்களின் எண்கள் ஒன்றுகூடச் சரியில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மரத்துக்கு ஒண்ணும் குறையலையே" என்றார்.

"மரத்துக்குக் குறையல. எனக்குத்தான் குறையுது."

பலகை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, உடம்பு சரியில்லை என்று படுத்துவிடலாமா என்றெல்லாம் அவள் கேட்டாள். இனி யார் தன் எண்ணைக் கேட்டு நிற்பார்கள் என்பதுதான் அவள் பயம். அதை அப்படியே சொல்லவும் செய்தாள். கணவர் காது குடைவதை நிறுத்தினார்.

"லிஃப்ட் சில நாளு தரைக்கு அரை இன்ச் கீழ நிக்கும். 'பார்த்து வாங்க, படி இருக்கு'ன்னு முன்னாடியே சொல்லிடுவேன். சொன்னா ஒருத்தரும் விழமாட்டாங்க. அடுத்த நாளும் என் லிஃப்ட்டுலதான் வருவாங்க. சொல்லாம விட்டாத்தான் விழுவாங்க, அப்புறம் படியேறிப் போவாங்க."

முப்பது வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவள் எழுந்து மீதி நான்கு தையல்களையும் பிரித்தாள். மறுநாள் காலையில் விளிம்போடு விளிம்பு முட்டும்படி வைத்து, அடியில் ஒரு நாடாவைக் கொடுத்து மறுபடி தைத்தாள். பித்தளைக் கோலில் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு திரைக்கு ஒட்டுப் போட்டுத் தானே தச்சர் பட்டறைக்குக் கொண்டுபோனாள். "கொக்கி உங்களுது தேயல. நான்தான் தப்பு" என்றாள். தச்சர் இழைப்புளியை நிறுத்தாமலே, சரி, அந்த ஓரத்தில் வையுங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைப் பின்தரை சைக்கிள்களால் நிறைந்தது. பலகை துணி போர்த்தி மரத்தில் சாய்ந்திருந்தது. அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் டேப்பை எடுத்துக் காட்டி, எங்கே தையல் இருந்தது, எவ்வளவு விழுங்கியது, எந்த மரம் உண்மையில் பெரியது என்று சொன்னாள். தையல் தெரியாதவர்களுக்கும் புரியும்படி தன் சட்டைக் கையின் தையலைப் புரட்டிக் காட்டினாள். சிலர் தங்கள் சட்டைக் கையையும் புரட்டிப் பார்த்தார்கள்.

சைக்கிள் கடைக்காரருக்குப் பலகையைப் பற்றிய கவலை. "அக்கா, ஒரு இன்ச் ரெண்டு இன்ச்சுல என்ன இருக்கு? யாரு பார்க்கப் போறாங்க?"

"உங்க சட்டைக் காலர்ல ரெண்டு இன்ச் குறைச்சுத் தைச்சுத் தரேன். போட்டுட்டு மூச்சு விடுங்க பார்ப்போம்."

சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தலை தனியாகத் தெரிய நின்றிருந்த கொழுந்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் கேலி வாங்கியவர்; இன்று வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவார் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இல்ல அண்ணி. என் மரம் பெருசுன்னு என் கயிறு சொன்னா செல்லாது. நீங்க வந்து அளங்க. குறைஞ்சா குறையட்டும்."

"பொய் டேப்புன்னு இப்பத்தானே சொன்னேன்."

"பொய்ன்னு அதுவா சொல்லுச்சு? நீங்கதானே சொன்னீங்க."

அவள் டேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ஊர்வலம் போல எல்லாரும் தண்ணீர் நிலையத்துக்குப் போனார்கள். பூட்டிய வாசலில் காவலாளி எழுந்து நின்று சைக்கிள்களை எண்ண முயன்று விட்டுவிட்டார். உள்ளே என்ன வேலை என்று கேட்டார். அளவெடுக்க வேண்டும் என்றார் கொழுந்தன். யாருக்கு என்று கேட்டார் காவலாளி. மரத்துக்கு என்றதும் அவளையும் அவள் கழுத்து டேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தைச்சு எப்பக் குடுப்பீங்க?" என்றார். கொழுந்தன் அந்த நிலையத்தின் ஒழுகாத குழாய் ஒவ்வொன்றையும் நினைவுபடுத்திய பிறகு, இரண்டு பேர் மட்டும், ஒரு சைக்கிளோடு என்று காவலாளி கதவைத் திறந்தார்.

பழைய தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனதும் அவள் நின்றுவிட்டாள். மருதமரம் வெளுத்த பட்டையோடு, வளைவில்லாமல், ஒரு கட்டடம் எழுந்து நிற்பது போல நின்றது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணி விற்கிறவன் கையால் தடவியே கஜத்தைச் சொல்வதில்லையா, அப்படி. ஆனாலும் சைக்கிளைச் சாய்த்தாள். கைப்பிடி உயரத்தில் டேப்பின் முனையைக் கொழுந்தன் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றி நடந்தாள். பட்டை கைக்கு ஈரமாக இருந்தது. ஒரு சுற்று வந்து முனையைச் சேர்த்து, கண்ணாடியை இறக்கிப் படித்தாள். மறுபடியும் சுற்றிப் படித்தாள். கொழுந்தன் சொன்ன எண்ணைவிட ஓர் அங்குலம் கூடுதல். இழுத்துக் கட்டிய கயிறு தரையில் கிடந்தபோது சுருங்கியிருக்கிறது.

"உன் மரத்தை நீயே குறைச்சுச் சொல்லியிருக்க."

உயரமானவர்கள் அழுதால் சுலபமாக மறைத்துவிடலாம். மேலே பார்த்தால் போதும். அவர் மரத்தின் உச்சியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கம்பிக்கு அருகில் வந்து நின்றாள். இன்று கூடுதலாக மூச்சு எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணைச் சொன்னாள். ஊரின் மிகப் பெரிய மரம் இதுதான் என்றும், தன் மரம் இரண்டாவது என்றும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் குரல் குறையவில்லை என்று அன்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். நான் விசாரித்த வரையில் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

பலகையை என்ன செய்வது? உள்ளே கட்டினால் யார் பார்ப்பது, மருத்துவமனையிலேயே கட்டிவிடலாம், ஜனங்கள் பார்க்கிற இடம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். பார்க்கிற இடத்தில் இருப்பதால் மரம் பருத்துவிடாது என்று அவள் சொல்லிவிட்டாள். பலகையைக் கம்பி வழியாகக் காவலாளி கையில் கொடுத்தாள். பதினொரு வருடமாக மத்தியானச் சாப்பாட்டுக்கு அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்காரும் அவருக்கு, இது என்ன மரம் என்பதே அன்றுதான் தெரிந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பலகையை உள்ளே எடுத்துப் போனார். ஆக, ஊரின் மிகப் பெரிய மரத்தை ஊரில் பார்க்கக்கூடியவர்கள் அவரும், பம்ப் ஓட்டுகிறவர்களும், குழாய்க்காரரும் மட்டும்தான்.

அன்றே சைக்கிள் கடைச் சுவரைத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு மரத்தையும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள். புது வழக்கம் ஒன்றை அவளே கொண்டுவந்தாள். அவள் படித்த பிறகு, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், டேப்பை இன்னொருவரிடம் கொடுப்பாள். அவர் சுற்றிப் படிக்க வேண்டும். பிறகு இருவரும் ஒன்றாகச் சொல்வார்கள். ஒத்துவராவிட்டால் மறுபடி அளக்க வேண்டும். டேப்பைத் தொடும் ஆசையில் சிலர் வேண்டுமென்றே தப்பாகப் படிக்கிறார்கள் என்பது கொழுந்தனின் சந்தேகம்.

வேலை இன்னும் முடியவில்லை. ஊரில் மரங்கள் நிறைய. போன ஞாயிறு சிறைச்சாலைப் புளியின் முறை. சைக்கிள் சாய்ந்தது, டேப் சுற்றியது, அவள் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு டேப்பை நீட்டினாள். வாங்கிக்கொள்ள ஏழெட்டுக் கைகள் நீண்டன.